விருந்தாளிக் குடம்

சுற்றுச்சூழல் என்ற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது மைக்கில்தான். எண்பதுகளின் தொடக்கம். குமாரபாளையத்துக்கு வெளியே, நான் வாக்கப்பட்டுப் போன ஊரின் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து சினிமாப் பாட்டுப் போட்டுக் காதைக் கிழித்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு ஒருவர் எழுந்து அந்த வார்த்தையைச் சொன்னார். பக்கத்தில் இருந்தவள் என் தொடையில் இடித்து, "ஏனுங்கக்கா, இதுக்குச் சோறு போடுவாங்களா?" என்று கேட்டாள். போடவில்லை. ஆளுக்கொரு புங்கன் கன்று கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அந்த மாதிரிக் கூட்டம் எத்தனை நடந்ததோ, அத்தனைக்கும் போனவள் நான். ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாக வேண்டும் என்று ஊர்த் தலைவர் சொல்லிவிடுவார். கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத காலம். மோட்டாரை விட்டுவிட்டு ஆண்கள் யாரும் நகரமாட்டார்கள். என் மாமியார், "நீ போயி உக்காந்துட்டு வா அம்மிணி, தலையக் காட்டுனாப் போதும்" என்பார். நானும் போய்த் தலையைக் காட்டுவேன். புகையில்லாத அடுப்பு கட்டிக் காட்டினார்கள். சாண எரிவாயுவில் டீ போட்டுக் கொடுத்தார்கள். ஒரு தடவை வகுப்பறை ஜன்னலையெல்லாம் சாத்தி, வேட்டியைத் திரையாகக் கட்டி, எங்கேயோ ஒரு ஆற்றில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதப்பதைப் படம் காட்டினார்கள். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு அதுகூட வரவில்லை. முடிந்ததும் எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வந்தேன்.

தண்ணீர் கெட்டுப்போவதைப் பார்க்க நான் படம் பார்க்கப் போகவேண்டியதில்லை. எங்கள் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தாலே போதும்.

அந்தக் கிணற்றைப் பார்த்துத்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துக் குடியானவர்களில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றைப் பார்ப்பார்கள். என் அப்பா ஓமலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, வாசலில் போட்டிருந்த கட்டிலில் உட்காரக்கூட இல்லையாம். நேராகக் கிணற்று மேட்டுக்குப் போய், ஒரு வாளி இறைக்கச் சொல்லி, கையில் ஏந்தி வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, இன்னொரு கை ஏந்திக் குடித்தாராம். "தண்ணி எளநியாட்டம் இருக்குதுங்க, மேக்கொண்டு பேசலாம்" என்றாராம். மாப்பிள்ளை அந்த நேரத்தில் மஞ்சள் வயலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் போகிற வழியில்தான் அப்பா அவரைப் பார்த்தார். இதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்வார். "உங்கப்பா உன்னையக் கெணத்துக்குத்தான் கட்டிக் குடுத்தாரு. நான் அது கூட வந்த ஆளு."

தோட்டத்துக்கு மேற்கே மழைத் தண்ணீர் ஓடுகிற ஒரு பள்ளம் உண்டு. எனக்குக் கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷத்தில் அதன் மேல்கரையில் ஒரு சாயப்பட்டறை வந்தது. தறிக்குப் போகிற நூலுக்குச் சாயம் ஏற்றுகிற இடம். அப்புறம் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. நூலை அலசிய தண்ணீரைப் பள்ளத்தில் திறந்துவிட்டார்கள். ஒரு நாள் நீலமாகப் போகும், ஒரு நாள் சிவப்பாகப் போகும். நாங்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தோம், வேறென்ன செய்வது! கிணற்றில் நிறம் வரவில்லை என்பதால் யாரும் பயப்படவில்லை. முதலில் துவரம்பருப்பு வேகாமல் போனது. எவ்வளவு நேரம் எரித்தாலும் கல்லாகக் கிடந்தது. மாமியார் மளிகைக் கடைக்காரனைத் திட்டினார். அப்புறம் சோப்பு நுரைக்கவில்லை. அப்புறம் தண்ணீரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே ஒரு வாடை வந்தது. மஞ்சள் இலை ஓரமெல்லாம் கருகியது. கடைசியில் என் வீட்டுக்காரரின் கால். வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவருக்கு எந்நேரமும் கால் ஈரத்தில்தானே நிற்கும்! முழங்காலுக்குக் கீழே அரிப்பெடுத்து, சொறிந்து, புண்ணாகி, ஆறாமல் நீர் வடிந்தது. பவானியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். களிம்பு எழுதிக் கொடுத்து, கொஞ்ச காலத்துக்குத் தண்ணீரில் நிற்காதீர்கள் என்றார். குடியானவனிடம் சொல்கிற பேச்சைப் பாருங்கள்.

அந்தத் தோட்டத்தை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. பட்டறைத் தண்ணீர் நின்றால் கிணறு தப்பிக்கும். கிணறு தப்பித்தால் நாங்கள் தப்பிப்போம். ஆனால் போய்ச் சொல்வது யார்? பட்டறைக்காரர் பெரிய இடம். மாரியம்மன் நோம்பிக்குக் கோயிலுக்குச் சீரியல் விளக்குப் போடுகிறவரே அவர்தான். அதிகாரிகள் பார்த்து எழுதினால்தான் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் அடுப்படிக்கு இரண்டாவது குடம் வந்தது இந்தச் சமயத்தில்தான். ஒன்று எங்களுக்கு, அதில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்று விருந்தாளிகளுக்கு. கோயில் கிணறு மேட்டில் இருந்ததால் அதன் தண்ணீர் கெடவில்லை. ஊரே அங்கே இறைத்ததால் வீட்டுக்கு ஒரு குடம்தான் என்று கட்டுப்பாடு. என் கொழுந்தனார் சைக்கிளில் கட்டி எடுத்து வருவார். எங்கள் பக்கம் யார் படியேறினாலும் வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு சொம்புத் தண்ணீர் அவர்கள் கையில் இருக்க வேண்டும். வந்தவர்களுக்கு நாற்றத் தண்ணீரைக் கொடுப்பதா? அதற்காக அந்தக் குடம். அதிலிருந்து வீட்டு ஆட்கள் யாரும் மொள்ளக்கூடாது. மாமியாரும் மொள்ளமாட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். எங்களைப் போலவே மூக்கைச் சுளித்துக்கொண்டு மற்றதைத்தான் குடிப்பார்.

ஒரு கூட்டத்தில் சேலத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் எழுந்து, ஊர்க் கிணறுகளைச் சோதிக்கப் போகிறோம் என்றார். அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒரு பாட்டிலில் அவரவர் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் கெட்டிருந்தால் பட்டறைகளின் கழிவை நிறுத்த உத்தரவு போடலாம். அத்தனை கூட்டத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னேன். புண்ணில் ஈ உட்காராமல் துண்டை வீசிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "நெசமாவா சொன்னாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சர்பத் பாட்டில் ஒன்றைச் சாம்பல் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன். கூட்டத்தன்று காலையில் பார்த்தால் அது நிரம்பியிருந்தது. மாமியார் விருந்தாளிக் குடத்திலிருந்து ஊற்றி, வாயைத் துணியால் அடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இது கோயில் கெணத்துத் தண்ணியாச்சே!"

"அதுக்கென்ன இப்போ?"

"நம்ம கெணத்துத் தண்ணியத்தானுங்க கேட்டாங்க. அதப் பாத்துத்தானுங்க எழுதுவாங்க."

"சேலத்துல இருந்து வர்ற மனுசங்களுக்கு நாத்தத் தண்ணியக் கொண்டு போயி நீட்டுவியா நீ? மைக்குல பேரைப் படிப்பாங்க. இன்னாரு ஊட்டுக் கெணறு கெட்டுப்போச்சுன்னு ஊரு ஒலகமெல்லாம் கேக்கோணுமா? சின்னவனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறோம். கெணறு கெட்ட ஊட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? உங்கப்பா குடுத்திருப்பாரா, சொல்லு?"

கொடுத்திருக்கமாட்டார். அது எனக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். புண் அவர் காலில். அவர் சொல்லட்டும் என்று பார்த்தேன். "அம்மா சொல்றாப்பலயே விடு. தம்பிக்கு முதல்ல ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாட்டிலைத் தரையில் அடித்திருப்பேன். அடிக்க விடாமல் மாமியாரே மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு நல்ல சேலை கட்டி, தலைக்குப் பூ வைக்காத குறையாக, கூட்டத்துக்கு அவரே வந்தார்.

பள்ளிக்கூடத்து பெஞ்சில் பாட்டில்களை வரிசையாக வைத்தார்கள். நான் பார்த்தேன். ஒவ்வொன்றும் பளிங்காக மின்னியது. பொம்பளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. காலையில் கோயில் கிணற்றடியில் நோம்பிக் கூட்டம் மாதிரி நெரிசலாக இருந்தது என்று கொழுந்தனார் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெரகம், ஒருத்தர் விடாமல் அதே வேலையைச் செய்திருக்கிறார்கள்! எல்லார் வீட்டிலும் கட்டிக் கொடுக்கப் பெண்ணோ, கட்டி வைக்கப் பையனோ இருந்தார்கள். ஒருத்தி போட்ட பாட்டிலில் வெட்டிவேர் மிதந்தது. வருகிறவர்களுக்கு வாசமாக இருக்கட்டும் என்று போட்டாளாம். அதிகாரி அதை வெளியே எடுத்துப் பார்த்து, இது என்ன வேர், உங்கள் கிணற்றில் முளைத்ததா என்று கேட்டார். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்கடுத்த கூட்டத்தில் முடிவைப் படித்தார்கள். ஊரிலுள்ள எல்லாக் கிணறும் நன்றாக இருக்கிறது, குடிக்கலாம். பந்தலே கை தட்டியது. பட்டறைக்காரர் எழுந்து கும்பிட்டார். என் கையும் தட்டிக்கொண்டிருந்தது. தட்டுவது என் கைதானா என்று ஒரு தடவை குனிந்து பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. புங்கன் கன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வேகாத பருப்பை மத்தால் கடைந்தேன்.

ஆடி நோம்பிக்குச் சீர் கொண்டு என் அப்பா வந்தார். மாமியார் விருந்தாளிக் குடத்தில் மொண்டு கொடுத்தார். அப்பா குடித்தார். பேசிக்கொண்டிருந்தார். பொழுதோடு, அவர் வழக்கப்படி, தோட்டத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வந்தபோது முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் குடிச்சது எந்தத் தண்ணி அம்மிணி?"

"கோயில் கெணத்துதுங்கப்பா."

"நீ குடிக்கிறது?"

நான் தவிட்டைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. மாட்டின் நெற்றியைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வாரமே மறுபடியும் வந்து நின்றார். தோளில் துண்டைச் சும்மாடு கட்டி, அதன் மேல் ஒரு பித்தளைக் குடம். வாயை வாழை இலை வைத்துக் கட்டியிருந்தது. ஓமலூரிலிருந்து சேலம், சேலத்திலிருந்து சங்ககிரி வழியாக இங்கே, இரண்டு பஸ்ஸிலும் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கண்டக்டர், "பெரியவரே, காவேரிக்கரைக்கே தண்ணி கொண்டு போறீங்களே, நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டு பஸ்ஸே சிரித்ததாம். அதைச் சொல்லி அப்பாவும் சிரித்தார்.

மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க சம்மந்தி, எங்க ஊட்டுல தண்ணியா இல்லீங்க?" என்றார்.

"அட, அப்படியெல்லாம் இல்லீங்க. அம்மிணிக்கு அம்மா ஊட்டுக் கெணத்துத் தண்ணி ஒரு வாய் குடிக்கோணும்னு ஆசையாம். சொல்லிவுட்டா. அதானுங்க."

நான் சொல்லி அனுப்பவே இல்லை. சம்மந்தி வீட்டுக் கிணற்றைக் குறை சொல்லாமல் சொல்லவேண்டுமே என்று அவரே கட்டிய பொய். ஆசையாம் என்ற பேச்சு வெளியே போய், அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் ஒரு மாசம் என் வயிற்றையே பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை. அதற்குப் பதில் சொல்லி மாளவில்லை.

அப்பா போனதும் மாமியார் அந்தக் குடத்தைத் திறந்து, எனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். மிச்சத்தை அப்படியே விருந்தாளிக் குடத்தில் ஊற்றினார். "நல்ல தண்ணிய நாமளே குடிச்சுப்போட்டா வர்றவங்களுக்கு என்னத்தைக் குடுக்கறது?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவருக்கு அது நியாயமாகவே பட்டது. நான் வாங்கிக் குடித்தேன். நான் பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர். நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் மாசத்துக்கு ஒரு நடை அப்பா குடத்தோடு வந்தார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு டம்ளர், மிச்சம் விருந்தாளிகளுக்கு. அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து ஊர்க்காரர்கள் யாரோ மனுப் போட்டுவிட்டார்கள் போல. மறுபடியும் சோதனை என்று வந்தது. இந்தத் தடவை கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை; அந்த அதிகாரியே ஜீப்பில் வீடு வீடாக வந்தார். கொழுந்தனாருக்கு ஒரு இடம் கூடி வந்து, பெண் வீட்டார் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்த நேரம். நல்ல வெயில். அதிகாரிக்குச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மாமியார் கட்டிலைத் தட்டிப் போட்டார், விசிறியைக் கொடுத்தார், சொம்பில் தண்ணீர் கொடுத்தார். "நீங்க எதுக்குங்க சார் இந்த வெயில்ல கெணத்து மேட்டுக்கு? பாட்டலக் குடுங்க, நான் மொண்டாறேன்" என்றார். பல வீடு ஏறி வந்த மனுஷன், பாட்டிலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாமியார் அடுப்படிக்குள் போனார். விருந்தாளிக் குடத்தின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அதில் இருந்தது அப்பா முந்தின நாள் சுமந்து வந்த தண்ணீர்.

மாமியார் வெளியே வந்து பாட்டிலை நீட்டியபோது நான் நிலைப்படிக்கு வந்துவிட்டேன். "சார், அது எங்கப்பா கொண்டாந்த தண்ணிங்க. எங்க கெணத்துத் தண்ணி இல்லீங்க. வாங்க, நான் கெணத்தக் காட்டறேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் திகைத்து நின்றுவிட்டார்.

மாமியார் கொஞ்சமும் அசரவில்லை. கலகலவென்று சிரித்தார். "இவளுக்கு எந்நேரமும் அப்பன் ஊட்டுப் பெருமைதானுங்க சார். இந்த ஊட்டுல எது நல்லா இருந்தாலும் அது எங்கப்பா குடுத்ததும்பா."

அதிகாரியும் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுலயும் இதே கதைதாம்மா" என்று சொல்லி, பாட்டிலை மூடி, சீட்டு ஒட்டி, பைக்குள் வைத்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் கிளம்பிப் போய்விட்டது. மாலையில் பால் கறந்தேன்.

ஐப்பசியில் கூட்டம். மைக்கில் எங்கள் வீட்டுப் பெயரைச் சொன்னார்கள். வீடு வீடாக எடுத்ததில் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் முதல் தரமாம். இப்படிப்பட்ட தண்ணீர் இருக்கும்போது பட்டறைகளைக் குறை சொல்ல முகாந்திரம் இல்லையாம். மாமியாரை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கன்று கொடுத்தார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நாள் தள்ளிப் போட்டிருந்த பெண் வீட்டார் மறுநாளே வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா கிணற்று மேட்டுக்குப் போகவே இல்லை. "கவர்மென்டே சொல்லிருச்சுங்களே, நாங்க வேற என்னத்தைப் பாக்கறது?" என்று சொல்லி, விருந்தாளிக் குடத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நாள் குறித்தார். மேல்கரையில் மூன்றாவது பட்டறைக்குக் கடக்கால் தோண்டினார்கள்.

தீபாவளிச் சீரோடு அப்பா வந்தார். தோளில் குடமும் இருந்தது. இறக்கி வைப்பதற்குள் மாமியார் எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டார், முதல் தரம், மேடை, கன்று, சின்னவன் கல்யாணம். அப்பா கேட்டுக்கொண்டார். மாமியார் பலகாரம் எடுக்க உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"எந்தத் தண்ணிய அம்மிணி எடுத்துட்டுப் போனாங்க?"

சொன்னேன். சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன், குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. அவர் கொண்டுவந்த தண்ணீரெல்லாம் இத்தனை நாளும் யாருக்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அப்பா குடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டனா சாமி?"

"அப்படி இல்லீங்கப்பா."

வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லையே என்று சொம்பை எடுத்தேன். விருந்தாளிக் குடத்தின் மூடியில் கை வைத்தபோது அப்பா தடுத்தார்.

"அது வேண்டாம். நீ குடிக்கிறதக் குடு."

கொடுத்தேன். இந்தத் தடவை அவர் வாய் கொப்பளித்துப் பார்க்கவில்லை. அண்ணாந்து, சொம்பு முழுவதையும், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். என் கல்யாணத்துக்கு முன்னால் அவர் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்ன சொல் எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதுதான் அழுதேன். இத்தனை காலம் அந்த அழுகை எங்கே கிடந்ததோ தெரியவில்லை, நிற்கவே இல்லை. அப்பா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லித் துண்டை உதறினார்.